தம்பி குடித்த என் மருந்து

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் தம்பியும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவன் பேரனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பிள்ளைக்கு நாலு வயது. காலையில் சேர்த்தால் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான் விஷயம். இருந்தும் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் தம்பி அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

பிள்ளையை உள்ளே அழைத்துப் போவதற்குச் சற்று முன்னால் ஒரு நர்ஸ் பெண் வந்தாள். கையில் ஊசியில்லாத சின்ன சிரிஞ்சு, அதில் மருந்து. பிள்ளை தன் அம்மா மடியில் இருந்தான். அந்தப் பெண் அவன் உயரத்துக்கு மண்டிபோட்டு உட்கார்ந்து அவனிடமே பேசினாள்.

"இதக் குடிச்சா உனக்குத் தூக்கம் தூக்கமா வரும். நீ தூங்குறப்ப டாக்டர் உன் வயித்துல இருக்கிற வீக்கத்தச் சரி பண்ணிடுவாரு. முழிக்கிறப்ப கொஞ்சம் வலிக்கும். அம்மா பக்கத்துலதான் இருப்பாங்க. சரியா?"

"கசக்குமா?" என்றான் அவன்.

"கொஞ்சூண்டு கசக்கும்."

அவன் வாயைத் திறந்தான். அவள் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கச் சொல்லி, மறுபடி திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நான் எழுந்து போய், "முழுசா அவனேதான குடிச்சான்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தம்பியின் மருமகளும் பார்த்தாள். "உங்க கண்ணு முன்னாடிதானங்க குடிச்சான்" என்றாள் அந்த நர்ஸ் பெண். எனக்கே வெட்கமாக இருந்தது. வந்து உட்கார்ந்துகொண்டேன்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை இளையவர்களுக்கு விளக்குவது கஷ்டம். உங்களுக்குப் புரியும். நம் வயதுக்காரர்கள் யாரையும் சின்ன வயதில் உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதில்லை. உங்களுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது. எங்களுக்கு யானை என்று சொன்னார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. இருவருக்கும் டான்சில். மாதம் தவறாமல் காய்ச்சல் வரும், தொண்டை வீங்கி எச்சில் விழுங்க முடியாமல் கிடப்போம். தம்பி தூங்கும்போது குறட்டை விடுவான். ஐந்து வயதுப் பிள்ளையின் குறட்டை அடுப்படி வரைக்கும் கேட்கும்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகின் பலகையை ஏற்றி இறக்குவதுதான் வேலை. மதகை ஒட்டியே எங்களுக்கு ஓட்டுவீடு கொடுத்திருந்தார்கள். ஆனி மாதம். மேட்டூரில் திறந்த தண்ணீர் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்துசேர்ந்திருந்தது. குறுவை நடவுக்கு மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் மண்வெட்டியோடு மதகில் வந்து நிற்பார்கள். அப்பாவால் அங்கிருந்து நகர முடியாது. சாப்பாடுகூடத் தூக்கில் மதகுக்கே போகும்.

ஆஸ்பத்திரியில் அந்த வாரம்தான் நாள் கொடுத்திருந்தார்கள். அம்மா தனியாகத்தான் எங்களைக் கூட்டிப் போனாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு ஆண் குழந்தை பிறந்து, எட்டு மாதத்தில் வாந்தி பேதியில் போய்விட்டது. அப்பா வீட்டு ஆட்கள் அதற்கு அம்மாவைத்தான் சொன்னார்கள். "புள்ளயப் பாத்துக்கத் தெரியல" என்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. தம்பி பிறந்த பிறகு அம்மா அவன் முதுகைத் தொடாமல் தூங்க மாட்டாள்.

"தஞ்சாவூருக்குப் போறோம். பெரிய கோயில்ல யானை பாத்துட்டு வரலாம்" என்றாள் அம்மா. தம்பி புது டிராயர் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து, ஒரு பெரிய வாசலுக்குள் நுழைந்ததும் எனக்கு வாடை தெரிந்துவிட்டது. பினாயில், ஸ்பிரிட், வேகவைத்த ரொட்டி மாதிரி ஒரு வாடை. தம்பிக்குத் தெரியவில்லை.

"யானை எங்கம்மா?"

"உள்ள இருக்கு, வா."

அன்று சாயங்காலம் வரைக்கும் அவன் நம்பிக்கொண்டிருந்தான். வராந்தாவில் இரும்பு டிராலி கடகடவென்று போகும்போதெல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அதுதானா?" என்பான்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். மெத்தைக்கு மேல் சிவப்பு ரப்பர் ஷீட் விரித்திருந்தது. இப்போது அதைப் பார்க்க முடிவதில்லை. தொடை வியர்த்தால் ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் தோல் உரிகிற மாதிரி சத்தம் வரும்.

அந்த வார்டின் நர்ஸம்மா குள்ளமாக, கனமான உடம்போடு இருந்தார். வெள்ளைச் சேலை, மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம், பெரிய குரல். எங்களைப் பார்த்ததுமே அம்மாவிடம் கேட்டார்.

"புள்ளைங்ககிட்ட சொல்லிக் கூட்டியாந்தீங்களா?"

"சொன்னா வந்திருக்காதுங்க."

"நீங்க பொய் சொல்லிக் கூட்டியாந்துடுறீங்க. அதுங்க எங்களல்ல கடிக்குதுங்க." புறங்கையைக் காட்டினார். அரைவட்டமாகப் பல் தடம் இருந்தது. பிறகு என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "தொண்டையில ரெண்டு சதை வளந்திருக்கு பாப்பா. அத எடுத்துடுவாங்க. வலி தெரியாம மருந்து குடுப்போம். நாலு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அந்த இரண்டு நாளில் என்னிடம் உண்மையைச் சொன்ன ஒரே பெரியவர் அவர்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எடுத்துடுவாங்க என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் நின்றது.

மீதியைப் பக்கத்துக் கட்டில் அக்காதான் சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயது இருக்கும். தொடையெலும்பு முறிந்து, காலைத் தூக்கி, கயிற்றில் மணல் மூட்டை தொங்கவிட்டிருந்தார்கள். படுத்தபடியே கூரையைப் பார்த்துப் பேசுவாள்.

"மொதல்ல ஒரு மருந்து குடுப்பாங்க. செவப்பா, இனிப்பா இருக்கும். அதக் குடிச்சா தூங்கிடுவ. அப்பறம் உன்னய எங்க தூக்கிட்டுப் போறாங்கன்னே உனக்குத் தெரியாது. மூஞ்சில ஒரு கூட்டைக் கவுப்பாங்க. மூச்சு முட்டும். கத்துனாலும் சத்தம் வராது."

"அப்பறம்?"

"அப்பறம் முழிப்ப. செல பேரு முழிக்கவே மாட்டாங்க. போன வாரம் அந்தக் கட்டில்ல ஒரு பையன் இருந்தான்."

எந்தக் கட்டில் என்று நான் கேட்கவில்லை. தம்பி படுத்திருந்த கட்டிலாக இருந்துவிடுமோ என்று பயம். அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருப்பான் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவளும் ஒரு குழந்தை, அவளுக்கு என்ன தெரியும். ஆனால் அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். அந்தச் சிவப்பு மருந்தைக் குடிக்க மாட்டேன். தூங்கினால்தானே தூக்கிப் போவார்கள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் தம்பி தண்ணீர் கேட்டு அழ ஆரம்பித்தான். அம்மா கூஜாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைத்தாள். அவன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு அழுதான். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம், நர்ஸம்மா பீங்கான் தட்டோடு வந்தார். அதில் இரண்டு அவுன்ஸ் கிளாஸ். பக்கவாட்டில் கோடு போட்ட, அடி கனத்த குட்டிக் கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் மருந்து கூடுதலாகவும் ஒன்றில் குறைவாகவும் இருந்தது. செக்கச் செவேலென்று.

"கூட இருக்கிறது பாப்பாவுக்கு. கொறச்சலா இருக்கிறது தம்பிக்கு" என்று சொல்லி, தட்டைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் வைத்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அதே நேரம் வராந்தாவின் கோடியில் ஒரு அலறல். கால்கட்டு அக்காவை மாவுக்கட்டுப் போடக் கொஞ்சம் முன்னால்தான் கொண்டுபோயிருந்தார்கள். அது அவள் குரல். ஆயா வாசலில் வந்து, "சிஸ்டர், சீக்கிரம் வாங்க, புடிக்க ஆளில்ல" என்று கூப்பிட்டாள்.

நர்ஸம்மா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நான் வர்ற வரைக்கும் இதத் தொடாதீங்க. நானே வந்து குடுக்கிறேன். பக்கத்துலயே இருங்க, புள்ளைங்க கை படாமப் பாத்துக்குங்க." வாசல்வரை போனவர் திரும்பி, "தொடாதீங்கம்மா, என்ன?" என்றார். அம்மா தலையாட்டினாள்.

அவர் போன பிறகு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தன. ஆஸ்பத்திரி வளாகத்தில், கிணற்றுப் பக்கம் ஒரு பிள்ளையார். வரும்போதே பார்த்து வைத்திருந்தாள்.

"மருந்து குடிக்கறதுக்கு முந்தி சாமிக்கு ஏத்திட்டு ஓடியாந்துடுறேன். தட்டப் பாத்துக்க. தம்பியத் தொட விடாத. நீ பெரியவ இல்ல?"

அம்மா போனாள். தம்பி தட்டையே பார்த்தான்.

"அக்கா, அது சர்பத்தா?"

"மருந்து."

"தண்ணி மாதிரிதான இருக்கு. ஒரு வாய்க்கா."

அவன் தன்னுடையதை எடுத்துக் குடித்தபோது நான் தடுக்கவில்லை. அது அவன் பங்குதானே என்று நினைத்தேன். குடித்துவிட்டுக் கிளாஸுக்குள் நாக்கை விட்டு நக்கினான். பிறகு என் கிளாஸைப் பார்த்தான்.

"இன்னும் தாகமா இருக்குக்கா."

எத்தனையோ வருஷம் இதை எனக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தாகத்தில் கேட்டான், அக்கா பாசத்தில் கொடுத்தாள் என்று. தாகம் உண்மைதான், பாசமும் இல்லாமல் இல்லை. ஆனால் என் கை அந்தக் கிளாஸை எடுத்து அவனிடம் நீட்டியபோது எனக்குள் இருந்தது நிம்மதி. இனி நான் தூங்க வேண்டாம் என்ற நிம்மதி. அவன் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

அம்மா நெற்றியில் விபூதியோடு ஓடிவந்தாள். காலி கிளாஸ்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னடி இது? குடிச்சிட்டீங்களா?"

"ம்."

"நீ உன்னோடதக் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"அவன்?"

"அவனும் குடிச்சான்."

நர்ஸம்மா திரும்பி வந்தார். முன்கை இரண்டிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. தட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. "யாரு குடுத்தது?"

"நான்தாங்க. நேரமாவுதேன்னு ரெண்டு பேருக்கும் என் கையாலயே குடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

"தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்? பெருசு பாப்பாவுக்குத்தான?"

"ஆமாங்க. பாத்துத்தான் குடுத்தேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தம்பியின் நாடியைப் பார்த்தார், என் நெற்றியைத் தொட்டார். "செத்த நேரத்துல தூங்கிடுவாங்க" என்று சொல்லிக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனார்.

தம்பிக்குக் கண் சொருகியது. பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் சாய்ந்தான். நானும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். இமை துடிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தம்பியின் குறட்டை கேட்டது. வழக்கமான குறட்டை. கொஞ்ச நேரத்தில் அது கனத்தது, தொண்டையில் எதுவோ இழுபடுகிற மாதிரி. பிறகு நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணும்போது ஒரு இழுப்பு. மறுபடி நின்றது. இந்த முறை ஒன்பது.

"எவ்வளவு சமத்தாத் தூங்குது பாருங்க ரெண்டும்" என்று அம்மா யாரிடமோ சொன்னாள்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் இன்னொரு கிளாஸ் கொண்டுவருவார்கள். அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அடுத்த இழுப்பு வரட்டும், சொல்லலாம். அது வந்தது. அதற்கடுத்தது வரட்டும். இப்படியே இருந்தபோது டிராலி வந்துவிட்டது. முதலில் என்னைத்தான் தூக்கினார்கள்.

டிராலி சில்லென்று இருந்தது. சக்கரத்தின் அதிர்வு பின்மண்டையில் ஏறியது. ஒரு கதவு, இன்னொரு கதவு. காற்று மாறியது. யாரோ என் இமையைக் கட்டைவிரலால் தூக்கினார்கள். கனத்த கண்ணாடி போட்ட வயதான முகம், மூக்குவரை துணி. மயக்கம் கொடுக்கிற டாக்டர்.

"அட, இது முழிச்சிட்டுல்ல இருக்கு! மருந்து குடுத்தீங்களா இல்லியா?"

"குடுத்தாச்சு டாக்டர்."

அவர் கையில் அந்தக் கூடு இருந்தது. கம்பியால் வளைத்து, மேலே வலைத்துணி போட்டது. மூக்கிலும் வாயிலுமாகக் கவிழ்த்தார்கள். மேலேயிருந்து சொட்டுகள் விழுந்தன. பெட்ரோலும் அழுகின பழமும் கலந்த ஒரு நெடி தொண்டைக்குள் இறங்கியது. நான் எழுந்தேன். நாலைந்து கைகள் அழுத்தின. தோளை ஒன்று, முழங்காலை ஒன்று. அப்போதுதான் கத்தினேன்.

"நான் குடிக்கல! தம்பி குடிச்சிட்டான்! ரெண்டையும் தம்பி குடிச்சிட்டான்!"

"பயப்படாத பாப்பா, மூச்ச இழு."

"தம்பி மூச்சு..."

என் குரல் எங்கோ ஒரு குடத்துக்குள்ளிருந்து எனக்கே கேட்டது. அவர் குனிந்தார். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியாமலே நான் உள்ளே போய்விட்டேன்.

விழித்தபோது வாயெல்லாம் ரத்தம். ஆயா ஒருத்தி தலையைச் சாய்த்துப் பிடித்து, பீங்கான் கிண்ணத்தில் துப்பச் சொன்னாள். கத்தியை விழுங்கினது போல வலி. நான் முதலில் பார்த்தது பக்கத்துக் கட்டிலை. தம்பி இல்லை. சிவப்பு ரப்பர் ஷீட் மட்டும், நடுவில் சின்னப் பள்ளத்தோடு. அம்மாவும் இல்லை.

கால்கட்டு அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கையால் கட்டிலைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை. கடைசியில் அவள் சொன்னாள். "உன் தம்பியத் தூக்கிட்டு ஓடுனாங்க. டாக்டரு மூஞ்சித் துணியோட ஓடியாந்தாரு. நீலமா இருந்தான்."

ஓடுனாங்க என்றாள். எனக்கு அழக்கூட முடியவில்லை, அழுதால் தொண்டை கிழிந்தது. செத்துவிட்டான், நான்தான் கொன்றேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் பயந்ததெல்லாம் அந்த ஷீட்டை யாராவது வந்து சுருட்டி எடுத்துப் போய்விடுவார்களோ என்றுதான். அது அங்கே இருக்கும்வரை அவன் திரும்பி வர இடம் இருக்கிறது என்று நினைத்தேன். வருகிற போகிற ஆயாக்களின் கைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மத்தியானம் தாண்டி அப்பா வந்தார். செக்‌ஷன் ஆபீஸுக்கு டெலிபோன் பண்ணி, அங்கிருந்து ஓர் ஆள் சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்கிறார். மதகிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. காலிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை அவர் பார்க்கவேயில்லை. அதற்கு முன்னும் பின்னும் அப்பாவின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு யாரோ கூப்பிட, வெளியே போனார்.

சுவரில் வெயில் ஏறி ஏறி மறைந்த பிறகுதான் அம்மா வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கட்டிலில் விழுந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"முழிச்சிட்டான்டி. முழிச்சதும் யானை வந்துருச்சான்னு கேக்குறான்."

டாக்டருக்குக் கேட்டிருந்தது. என் முகத்தில் சொட்டு விடுவதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வார்டுக்கு ஓடியிருக்கிறார். தம்பிக்கு மூச்சு கிட்டத்தட்ட நின்றிருந்ததாம். ஆக்சிஜன் வைத்து, கன்னத்தில் தட்டித் தட்டி, அவர் அவனை விட்டு நகரவேயில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். தம்பிக்கு அந்த ஆபரேஷன் நடக்கவே இல்லை. பத்து வயதில் டான்சில் தானாகச் சுருங்கிவிட்டது. இன்றைக்கும் அது அவன் தொண்டையில்தான் இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். கூடவே மயக்க டாக்டர், நர்ஸம்மா, அப்பா, அம்மா. எல்லோரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தம்பி அம்மா இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி மருந்த வச்சிட்டு எப்படிப் போனீங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"எமர்ஜென்சின்னு கூப்பிட்டாங்க சார். தட்டைக் கையோட எடுத்துட்டுப் போயிருக்கணும், அது என் தப்புதான். ஆனா தொடாதீங்க, நான் வந்து குடுக்கிறேன்னு இவங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன். என் கையாலயே குடுத்தேன்னு இவங்களும் சொன்னாங்க."

பெரிய டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"இல்லீங்க. புள்ளைங்களுக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. தொடாதீங்கன்னு யாரும் சொல்லல."

நர்ஸம்மா அம்மாவையே பார்த்தார். பெரிய டாக்டர் குனிந்து என்னிடம் கேட்டார். "நீ முழிச்சிட்டுத்தான இருந்த? பேச வேண்டாம். தலைய மட்டும் ஆட்டு. தொடாதீங்கன்னு சிஸ்டர் அம்மாகிட்ட சொன்னாங்களா?"

அம்மாவின் கை போர்வைக்கு மேல் என் கணுக்காலில் இருந்தது. அழுத்தவில்லை. அப்பா என்னையே பார்த்தார். நேற்றைய முகம் போய், செத்துப்போன அந்தக் குழந்தையைப் பற்றி யாராவது பேசும்போது வருகிற முகம் வந்திருந்தது.

இல்லை என்று தலையாட்டினேன்.

அப்பா நர்ஸம்மாவைப் பார்த்துக் கத்தினார். என்ன கத்தினார் என்பதை இங்கே எழுத வேண்டாம். வார்டே பார்த்தது. தம்பி பயந்து அழுதான். பெரிய டாக்டர் அப்பாவைச் சமாதானம் செய்துவிட்டு, நர்ஸம்மாவிடம், "ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார். மயக்க டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று மத்தியானம் நர்ஸம்மா வந்தார். என் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி, தணிந்த குரலில் கேட்டார்.

"ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?"

வாயில் தெர்மாமீட்டர். கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிற மாதிரி நடிக்க எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் எடுத்துப் பார்த்து, சீட்டில் எழுதிவிட்டுப் போனார். மறுநாள் வேறு நர்ஸ் வந்தார். நர்ஸம்மாவை வார்டு மாற்றிவிட்டார்கள் என்றாள் ஆயா ஒருத்தி. வேலையே போய்விட்டது என்றாள் இன்னொருத்தி. எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மாவும் நானும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒரு முறை நெருங்கி வந்தோம். என் முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நர்ஸ் மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு எங்கோ போனாள். நான் கையை நீட்டினேன். "இரு, அவங்க வந்து குடுப்பாங்க" என்றாள் அம்மா. சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளை இப்போது குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இன்னொரு பிள்ளை விஷயத்தில் இன்னொரு முறை பழியைத் தாங்க அவளிடம் தெம்பில்லை. ஆனால் அந்தப் பழி போய் விழுந்த இடத்திலும் ஒரு மனுஷி நின்றுகொண்டிருந்தார்.

போன மாதம், அந்த மூன்றாவது மாடியில், தம்பியிடம் முதல்முறையாகச் சொன்னேன். மருந்தை நான் கொடுத்தது அவனுக்குத் தெரியும், வீட்டில் அது வேடிக்கைக் கதையாகவே ஆகிவிட்டிருந்தது. மற்றது தெரியாது. தலையாட்டியதைச் சொன்னேன். அவன் என் கைப்பையை மடியில் வைத்தபடி, தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மாவக் காப்பாத்தத்தானக்கா சொன்ன" என்றான்.

"இல்லடா. பயந்துதான் சொன்னேன்."

கைப்பையை என் மடியில் திருப்பி வைத்தான். "என்கிட்ட சொல்லி என்னக்கா பண்றது? எனக்கு ஒண்ணும் ஆகல. அந்தம்மாகிட்டல்ல சொல்லிருக்கணும்."

"ஆமா."

"பேரு தெரியுமா?"

தெரியாது. கேட்டுக்கொள்ளவே இல்லை. பிற்பாடு கல்லூரிக்குத் தஞ்சாவூர் வந்தபோது அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு முறை போயிருக்கிறேன். பெயர் தெரியாமல் யாரை விசாரிப்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது. "புள்ள முழிச்சிட்டான், ரெண்டு பேர் மட்டும் வாங்க" என்றாள் அந்த நர்ஸ் பெண். தம்பியின் மகனும் மருமகளும் உள்ளே ஓடினார்கள். உள்ளேயிருந்து பிள்ளையின் அழுகை, நல்ல பலமான அழுகை, கேட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அந்த நர்ஸம்மா இப்போது இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைகள் இருந்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தால் அவர்கள் நம் வயதுக்காரர்களாக இருப்பார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் அம்மா, தொடாதீங்க என்றுதான் சொன்னார். இரண்டு முறை சொன்னார். வாசல்வரை போய்த் திரும்பி நின்று சொன்னார். நான் என் காதால் கேட்டேன்.